ரைட் கிளிக்கை நிறுத்தினால் படம் பத்திரமா? சூலூர்பேட்டை ஸ்டூடியோக்காரருக்கு ஒரு பதில்

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். சூலூர்பேட்டையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறீர்கள். பழவேற்காடு ஏரிப் பூநாரைகள், நேலப்பட்டு கூழைக்கடாக்கள், ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட், அதோடு கல்யாண ஆல்பங்கள் எல்லாவற்றையும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஓடும் சொந்தத் தளத்தில் போடுகிறீர்கள். ஒரு சுற்றுலாத் தளம் உங்கள் பூநாரைப் படத்தை எடுத்துக்கொண்டது. ஒரு செய்தித் தளம் ராக்கெட் படத்தைப் பேர் இல்லாமல் போட்டது. ரைட் கிளிக்கை நிறுத்தும் பிளகின் (தளத்தோடு சேர்க்கும் சிறு மென்பொருள்) போட்டும் பயனில்லை. யாருமே டவுன்லோட் செய்ய முடியாதபடி ஆக்க என்ன வழி, இல்லாவிட்டால் படங்களையே எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். யாரோ ஒருவர் உங்கள் பூநாரையைத் தன் போனில் வால்பேப்பராக வைத்துக்கொண்டால் உங்களுக்குக் கோபம் வராது என்று நினைக்கிறேன். இன்னொரு தளம் அதைத் தன் சரக்காக வைத்துச் சம்பாதிப்பதுதான் உறுத்துகிறது. ஆகவே டவுன்லோடைத் தடுப்பது, உங்கள் சர்வரிலிருந்தே (தளத்தின் கோப்புகளை வைத்திருந்து கொடுக்கும் கணினி) மற்றவர்கள் உங்கள் படத்தைக் காட்டுவதைத் தடுப்பது, எடுத்துப் போனவரிடம் உரிமையை நிலைநாட்டுவது ஆகியவற்றைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மூன்றுக்கும் பதில் வேறு வேறு.

நான் பக்கத்து ஆரம்பாக்கத்துக்காரன். ஸ்டூடியோக்காரர்கள், சின்னப் பத்திரிகைகள், தங்கும் விடுதிகள் ஆகியோரின் தளங்களைப் பல வருடங்களாகப் பராமரித்து வருகிறேன். சர்வர் பக்கத்து விஷயங்களை உறுதியாகச் சொல்ல முடியும். சட்டம் பற்றிச் சொல்வது படங்கள் திருடுபோனவர்களுக்காகக் கடிதம் எழுதிப் பழகியதில் தெரிந்துகொண்டது. நான் வக்கீல் இல்லை.

முதல் விஷயம்: ஒரு படத்தைத் திரையில் காட்டிவிட்டு, அதை டவுன்லோட் ஆகாமல் தடுக்க முடியாது. இதில் சந்தேகமே இல்லை. உங்கள் தளத்தைத் திறப்பவரின் பிரவுசர் சர்வரிடம் படத்தைக் கேட்டு வாங்கி, தன் கணினியில் இறக்கிய பிறகுதான் திரையில் காட்டுகிறது. நீங்களே செய்து பாருங்கள். கணினியில் குரோமில் உங்கள் தளத்தைத் திறந்து, கீபோர்டில் எஃப்12 அழுத்துங்கள். திறக்கும் பலகையில் நெட்வொர்க் என்ற பகுதிக்குப் போய், படங்களை மட்டும் காட்டச் சொல்லி, பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். உங்கள் படங்கள் ஒவ்வொன்றும் முகவரியோடும் அளவோடும் வரிசையாக வந்து நிற்கும். எதை வேண்டுமானாலும் புது டேபில் திறந்து சேவ் செய்யலாம். உங்கள் பிளகின் குறுக்கே வராது. அந்தப் பிளகின் ஜாவாஸ்கிரிப்ட்டில் ஓடுவது. பிரவுசர் செட்டிங்கில் ஜாவாஸ்கிரிப்ட்டை அணைத்தால் அதுவும் அணைந்துவிடும். எஃப்12 பொத்தானையும் முடக்குகிறோம் என்கிற பிளகின்கள் இருக்கின்றன. மெனு வழியாகப் போனால் அதே பலகை திறந்துகொள்ளும். படத்துக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு அடுக்கைப் போட்டு, சேவ் செய்தால் காலிப் படம் மட்டும் கிடைக்கும்படி செய்யும் தந்திரமும் இதே வகை. இவை எல்லாவற்றையும் தாண்டி ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது.

அப்படியானால் ரைட் கிளிக் தடையை எடுத்துவிடலாமா? நான் எடுத்துவிடுவேன். வேலையாகப் படம் தேடி எடுப்பவர்களை அது ஒரு நிமிடம்கூடத் தாமதப்படுத்தாது. ஆனால் உங்கள் பக்கத்திலிருந்து போன் நம்பரை காப்பி செய்ய நினைக்கும் கல்யாண வீட்டுக்காரருக்கு அது தொந்தரவு.

அடுத்து, அந்தச் சுற்றுலாத் தளத்தில் உங்கள் பூநாரைப் படம் எப்படி வந்திருக்கிறது என்று பாருங்கள். அங்கே படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து புது டேபில் திறந்தால், மேலே முகவரி தெரியும். அதில் உங்கள் தளத்தின் பெயர் இருந்தால், அவர்கள் படத்தை எடுத்துப் போகவே இல்லை; உங்கள் சர்வரிலிருந்து நேரடியாகக் காட்டுகிறார்கள். இதற்கு ஹாட்லிங்கிங் என்று பெயர். அவர்கள் பக்கத்தை ஒருவர் திறக்கும்போதெல்லாம் உங்கள் ஹோஸ்டிங்கின் (சர்வரை வாடகைக்குத் தரும் சேவை) டேட்டா செலவாகும். முகவரியில் அவர்கள் தளத்தின் பெயர் இருந்தால் நகல் எடுத்துத் தங்கள் சர்வரில் வைத்திருக்கிறார்கள் என்று பொருள். முதல் வகையை இன்றைக்கே நிறுத்தலாம். இரண்டாவது வகைக்குக் கடிதமும் புகாரும்தான் வழி.

ஹாட்லிங்கிங் ஒரே ஒரு படத்தில் நடக்கிறது என்றால் மிகச் சுலபமான வழி இருக்கிறது: உங்கள் சர்வரில் அந்தக் கோப்பின் பெயரை மாற்றிவிட்டு, உங்கள் பக்கத்தில் புதுப் பெயரைக் கொடுங்கள். அவர்கள் பக்கத்தில் உடைந்த படம்தான் தெரியும். நிறையப் படங்கள் என்றால் சர்வரிலேயே தடை போட வேண்டும். படத்தைக் கேட்கும் பிரவுசர், எந்தத் தளத்திலிருந்து கேட்கிறது என்பதைச் சாதாரணமாகச் சேர்த்தே சொல்லும். ரெஃபரர் எனப்படும் அந்த வரியைப் பார்த்து உங்கள் தளத்துக்கு மட்டும் கொடு, மற்றவருக்கு மறுத்துவிடு என்று சர்வருக்குச் சொல்லலாம். அப்பாச்சி சர்வர் என்றால் எச்டிஆக்சஸ் என்ற அமைப்புக் கோப்பில் சில வரிகள் போதும். ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனலில் ஹாட்லிங்க் புரொடெக்‌ஷன் என்று பொத்தானே இருக்கிறது. தளத்துக்கும் பார்ப்பவருக்கும் நடுவில் நிற்கும் கிளவுட்ஃப்ளேர் சேவையிலும் அதே பெயரில் ஒரு வசதி உண்டு. அனுமதிப் பட்டியலில் கூகுளையும் பிங்கையும் மறக்காமல் சேருங்கள். ரெஃபரர் காலியாக வரும் கோரிக்கைகளையும் அனுமதிக்க வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் உங்கள் லிங்க்கை யாராவது பகிரும்போது முன்தோற்றப் படம் வராமல் போகலாம், சில நேர்மையான வாசகர்களுக்கே படம் தெரியாமல் போகலாம்.

அந்தக் காலி அனுமதிதான் இதன் ஓட்டை. எதிர்த் தளத்தில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் பிரவுசர் ரெஃபரரை அனுப்பாது, உங்கள் தடை ஏமாந்துவிடும். இதற்குப் பலர் பயன்படுத்தாத ஒரு பதில் இருக்கிறது. உங்கள் சர்வர் ஒவ்வொரு படத்தோடும் கிராஸ் ஒரிஜின் ரிசோர்ஸ் பாலிசி என்ற ஒரு ஹெடரை (படத்தோடு போகும் குறிப்பு வரி), சேம் சைட் என்ற மதிப்போடு அனுப்பட்டும். அப்போது வேறொரு தளத்தின் பக்கத்துக்குள் உங்கள் படத்தைக் காட்ட பிரவுசரே மறுத்துவிடும். ரெஃபரரை மறைத்தாலும் பயனில்லை. இப்போதுள்ள குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றும் இதை மதிக்கின்றன. கூகுள் படத்தேடலில் பெரிய முன்தோற்றம் தெரியாமல் சின்னப் படம் மட்டும் தெரிகிற வாய்ப்பு உண்டு. அது உங்களுக்குச் சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, கிளவுட்ஃப்ளேர் போன்ற இடைநிலை சர்வர் படங்களைத் தன்னிடம் வைத்துக் கொடுக்கிறது என்றால், உங்கள் சர்வரில் போட்ட ரெஃபரர் தடை அங்கே ஓடாது. தடையை அந்த இடத்திலேயே போட வேண்டும். வேர்ட்பிரஸ் செட்டிங்கில், பதிவுகளைத் தானாக வெளியே அனுப்பும் ஆர்எஸ்எஸ் ஃபீடில் முழுப் பதிவு போகாமல் சுருக்கம் மட்டும் போகும்படி மாற்றுங்கள். பதிவுகளை மொத்தமாக உறிஞ்சும் தளங்களில் பல ஃபீட் வழியாகத்தான் எடுக்கின்றன.

ஹாட்லிங்க் செய்தவர் பக்கத்தில் வேறு ஏதாவது அசிங்கமான படம் தெரியும்படி மாற்றிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். வேண்டாம். அந்தப் பக்கத்தைப் பார்ப்பவர் குடும்பத்தோடு பறவை பார்க்கக் கிளம்பும் யாரோ ஒருவர். இந்தப் படம் இன்னாருடைய தளத்திலிருந்து வந்தது என்று எழுதிய ஒரு படத்தை வையுங்கள், போதும்.

இதையெல்லாம் விட முக்கியமானது, உங்கள் சர்வரில் எந்த அளவுப் படம் கிடக்கிறது என்பது. நான் பார்த்த வேர்ட்பிரஸ் ஸ்டூடியோ தளங்களில் பாதிக்கு மேல் இங்கேதான் ஒழுகின. 2019இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து, 2560 பிக்சலை விடப் பெரிய படத்தை ஏற்றினால் வேர்ட்பிரஸ் அதைச் சுருக்கி, கோப்பின் பெயருக்குப் பின்னால் ஸ்கேல்ட் என்று சேர்த்துத் தளத்தில் காட்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நீங்கள் ஏற்றிய முழு அளவு மூலப் படமும் அதே ஃபோல்டரிலேயே இருக்கும். முகவரியிலிருந்து ஸ்கேல்ட் என்ற சொல்லையும் அதற்கு முன்னுள்ள சிறு கோட்டையும் எடுத்துவிட்டு என்டர் தட்டினால், கேமராவிலிருந்து வந்த 6000 பிக்சல் படம் அப்படியே திறக்கும். வாசலைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட கதை. இப்போதே உங்கள் தளத்தில் ஒரு பூநாரைப் படத்தில் செய்து பாருங்கள். திறந்தால், ஏற்றுவதற்கு முன்பே உங்கள் கணினியில் சுருக்கி ஏற்றும் பழக்கத்துக்கு வாருங்கள். ஏற்கெனவே கிடக்கும் மூலங்களை ஹார்ட் டிஸ்க்கில் பத்திரப்படுத்திவிட்டுச் சர்வரிலிருந்து நீக்குங்கள். படங்கள் சேரும் அப்லோட்ஸ் ஃபோல்டரின் முகவரியை மட்டும் தட்டினால் கோப்புகளின் பட்டியல் தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால், டைரக்டரி லிஸ்டிங்கை நிறுத்தச் சொல்லி ஹோஸ்டிங்காரரிடம் கேளுங்கள். இரண்டு நிமிட வேலை.

அகலம் 1200 பிக்சல் போதும் என்பது என் கருத்து. நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். 1200 பிக்சலில் 4 அங்குலம்தான் தேறும். 6000 பிக்சல் மூலத்தில் 20 அங்குலம் வரும், காலண்டருக்கே போதும். திரையில் பார்ப்பவருக்கு 1200 நன்றாகவே தெரியும். ஃபிளெக்ஸ் பேனர் அடிக்க நினைப்பவருக்குப் போதாது. செயற்கை நுண்ணறிவு கொண்டு படத்தைப் பெரிதாக்கும் மென்பொருள்கள் வந்த பிறகு இந்தப் பாதுகாப்பு முன்பு இருந்த அளவுக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் இறகின் நுணுக்கத்தை அவை ஊகித்துத்தான் நிரப்புகின்றன. உங்கள் மூலத்தோடு பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். அப்புறம், ஏற்றும் படத்தில் நாலு ஓரமும் கொஞ்சம் வெட்டி ஏற்றுங்கள். அந்த ஓரங்கள் உலகத்தில் உங்களிடம் மட்டும்தான் இருக்கும். தகராறு என்று வந்தால் இதைவிட எளிய சாட்சி கிடையாது.

வாட்டர்மார்க் பற்றி ஆளுக்கொரு கருத்து. மூலையில் போட்டால் வெட்டிவிடுவார்கள், நடுவில் போட்டால் படம் கெட்டுவிடும். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி போட்டால், பல படங்களை ஒப்பிட்டுத் தானாகவே அழிக்க முடியும் என்று கூகுள் ஆய்வாளர்கள் 2017இலேயே செய்து காட்டினார்கள். இப்போது போனிலேயே விரலால் தேய்த்து அழிக்கலாம். அப்படியும் நான் போடச் சொல்வேன். வானத்திலோ வெறும் தண்ணீரிலோ போடாதீர்கள். அங்கே அழிப்பது சுலபம். ராக்கெட் படத்தில் புகையின் விளிம்பில், கூழைக்கடாப் படத்தில் இறக்கை மடிப்பில், சின்னதாக உங்கள் பெயரும் தளப் பெயரும் இருக்கட்டும். நேர்மையானவருக்கு யாரைக் கேட்க வேண்டும் என்று தெரியும். நேர்மையில்லாதவர் அழித்தால், தெரியாமல் எடுத்துவிட்டேன் என்று பிறகு சொல்ல முடியாது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தில் சேர்ந்த 65பி பிரிவு, படைத்தவர் பெயர் போன்ற உரிமைத் தகவலைத் தெரிந்தே அழிப்பதைத் தனிக் குற்றமாக்கி, 2 ஆண்டுவரை சிறை என்கிறது. கண்ணுக்குத் தெரியும் வாட்டர்மார்க்கும் அதில் அடங்கும் என்று வாதிட இடம் இருக்கிறது. அதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

படத்துக்குள்ளே இருக்கும் தகவலையும் கவனியுங்கள். லைட்ரூமிலோ வேறு மென்பொருளிலோ ஐபிடிசி என்ற பகுதியில் எடுத்தவர் பெயர், காப்பிரைட் வரி, அனுமதி கேட்க வேண்டிய பக்கத்தின் முகவரி ஆகியவற்றை நிரப்புங்கள். கூகுள் படத்தேடல் இதைப் படித்து எடுத்தவர் பெயரைக் காட்டும். உரிமம் பற்றிய முகவரியும் இருந்தால் 2020 முதல் படத்தின் மேல் ஒரு சிறு அடையாளமும் போடுகிறது. வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் போனால் இதில் பெரும்பகுதி உதிர்ந்துவிடும் என்பது உண்மைதான். உங்கள் தளத்தில் இருக்கும் பிரதியில் இருந்தால் அதுவே போதும். சில சுருக்கும் பிளகின்கள் இதையும் துடைத்துவிடும், அந்த செட்டிங்கைப் பாருங்கள். அதேசமயம் ஜிபிஎஸ் இடக்குறிப்பைக் கட்டாயம் நீக்கிவிடுங்கள். நேலப்பட்டு எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். ஏரியோரம் எங்கோ ஒரு பனை மரப் பொந்தில் ஆந்தை குஞ்சு பொரித்திருப்பது தெரியாது. உங்கள் படத்துக்குள் இருக்கும் அந்த எண்கள் அடுத்த நாளே அங்கே கூட்டத்தைக் கொண்டுவரும். படம் திருடுபோனால் சண்டை போட்டு மீட்கலாம், விட்டுப்போன கூட்டுக்குத் தாய்ப்பறவையைத் திரும்ப வரவழைக்க முடியாது.

செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் படங்களை அள்ளுவதையும் போகிற போக்கில் கேட்டிருந்தீர்கள். தளங்களை மேயும் தானியங்கி மென்பொருள்களுக்குக் குறிப்பு எழுதும் ரோபோட்ஸ் கோப்பில் ஓப்பன்ஏஐயின் ஜிபிடிபாட், கூகுளின் கூகுள் எக்ஸ்டெண்டட், காமன் கிராலின் சிசிபாட் ஆகிய பெயர்களைத் தடுத்து எழுதலாம். முதல் இரண்டையும் தடுக்கும் வழியை அந்தந்த நிறுவனங்களே 2023இல் அறிவித்தன. ரோபோட்ஸ் கோப்பு 1994இல் தொடங்கிய ஒரு மரியாதை ஏற்பாடு. மதிப்பவர் மதிப்பார், மதிக்காதவரை அது தடுக்காது. ஏற்கெனவே எடுத்துப் போனதைத் திரும்பப் பெறவும் உதவாது. இப்படிச் செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்க எடுப்பது இந்தியச் சட்டப்படி மீறலா என்ற கேள்வியோடு 2024 நவம்பரில் ஏஎன்ஐ செய்தி நிறுவனம் சாட்ஜிபிடியை நடத்தும் ஓப்பன்ஏஐ மீது டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இந்த விஷயத்தில் யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

இனி உங்கள் இரண்டு படங்களுக்கு வருகிறேன். கடிதம் எழுதும் முன் ஆதாரத்தை எடுத்துவையுங்கள். கோபத்தில் முதலில் போன் செய்துவிட்டால், அடுத்த நிமிடம் படத்தை நீக்கிவிட்டு அப்படி ஒன்று இருக்கவே இல்லை என்பார்கள். அந்தப் பக்கத்தை, முகவரியும் தேதியும் தெரியும்படி முழுதாக ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பிடிஎஃப் ஆகவும் சேமியுங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்துச் சேமிக்கச் சொல்லுங்கள். அது மூன்றாம் ஆளிடம் இருக்கும் தேதியிட்ட நகல், நீங்கள் திருத்தினீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. உங்கள் தரப்பில் ரா கோப்பை (கேமரா பதிவு செய்த மூலக் கோப்பு) எடுத்துவையுங்கள். அதோடு, அந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் தொடர்ச்சியாக எடுத்த படங்களையும். பூநாரை இறக்கை விரிக்கும் முன் ஒன்று, விரித்த பின் ஒன்று உங்களிடம் இருக்கும். எடுத்துப் போனவரிடம் ஒன்றே ஒன்றுதான். எனக்குத் தெரிந்த ஒரு படக்காரரின் கூழைக்கடாப் படத்தை ஒரு விடுதியின் தளம் எங்கள் ஆள் எடுத்தது என்று சாதித்தது. அதே வரிசையில் முன்பின் ஆறு படங்களைச் சிறிதாக்கி ஒரே தாளில் அனுப்பினோம். பிறகு அவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை, பணம் வந்தது. வேறெங்கெல்லாம் படம் போயிருக்கிறது என்று கூகுள் லென்ஸிலும் டின்ஐ தளத்திலும் தேடுங்கள். இரண்டும் வேறு வேறு முடிவு தரும்.

அடுத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். படம் நீங்க வேண்டுமா, பெயர் வர வேண்டுமா, பணம் வேண்டுமா? சுற்றுலாத் தளம் வியாபாரத்துக்குப் பயன்படுத்தியிருக்கிறது, அங்கே நான் பணம் கேட்பேன். மரியாதையான ஒரு மின்னஞ்சல், படத்தின் முகவரி, உங்கள் மூலப் பக்கத்தின் முகவரி, இந்தப் பயன்பாட்டுக்கு நீங்கள் வழக்கமாக வாங்கும் தொகைக்கு ஒரு பில், பதிலுக்கு ஒரு கெடு. மிரட்டல் வார்த்தை ஒன்றும் வேண்டாம். நிறைய விஷயங்கள் இங்கேயே முடிந்துவிடுகின்றன. பதில் வராவிட்டால் அந்தத் தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு எழுதுங்கள். பதிப்புரிமை விதிகள் 2013இல் 75ஆம் விதிப்படி, முறையான எழுத்துப் புகார் கிடைத்து அது சரி என்று பட்டால் 36 மணி நேரத்துக்குள் அந்தப் படம் யாருக்கும் கிடைக்காதபடி செய்ய வேண்டும். அது 21 நாள் வரை செல்லும். அதற்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் அவர்கள் மறுபடி திறந்துவிடலாம். சர்வர் அமெரிக்க நிறுவனத்துடையது என்றால் அந்நாட்டின் 1998ஆம் ஆண்டு டிஎம்சிஏ என்ற காப்பிரைட் சட்டப்படி நோட்டீஸ் அனுப்பலாம். வக்கீல் தேவையில்லை, நீங்களே அனுப்பலாம். பொய்யாக அனுப்பினால் சிக்கல், ஆகவே நீங்கள் எடுத்த படத்துக்கு மட்டும் அனுப்புங்கள். தளம் கிளவுட்ஃப்ளேருக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் அவர்களுடைய புகார்ப் படிவத்தில் எழுதுங்கள், உண்மையான ஹோஸ்டிங்காரருக்குப் போய்ச் சேரும். கூகுளுக்கும் புகார் கொடுத்தால் அந்தப் பக்கம் தேடல் முடிவிலிருந்து நீங்கும். கூகுளுக்குப் போகும் இப்படிப்பட்ட புகார்கள் லூமென் என்ற பொதுத் தளத்துக்கு அனுப்பப்படுகின்றன. உங்கள் பெயர் அங்கே தெரியும் என்பதை அறிந்து செய்யுங்கள்.

செய்தித் தளத்தின் ராக்கெட் படம் கொஞ்சம் சிக்கலானது. நடப்பு நிகழ்வைச் செய்தியாகத் தருவதற்கு நியாயமான அளவில் பயன்படுத்தலாம் என்று நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு விலக்கு கொடுக்கிறது. சந்திரயான்-3 கிளம்பிய 2023 ஜூலை 14 மதியம் போன்ற ஒரு நாளில், படம் செய்திக்கானது என்று அவர்கள் வாதிடுவார்கள். ஆனால் ராக்கெட் கிளம்பியது செய்தி. உங்கள் மொட்டை மாடியிலிருந்து நீங்கள் காத்திருந்து எடுத்த கோணம் செய்தி அல்ல, அது உங்கள் உழைப்பு. அன்று நூறு பேர் படம் எடுத்திருப்பார்கள், காசு கொடுத்து ஏஜென்சியிடம் வாங்கவும் வழி இருந்தது. முழுப் படத்தையும் பேர் போடாமல் எடுத்தது நியாயமான பயன்பாடு என்று நான் ஏற்க மாட்டேன். நீதிபதி என்ன சொல்வார் என்பது வழக்குக்கு வழக்கு மாறும். இங்கே நான் முதலில் பெயரையும் தளத்துக்கு லிங்க்கையும் கேட்பேன். ஆசிரியருக்கு நேரடியாக எழுதினால் பெரும்பாலும் அன்றைக்கே போட்டுவிடுவார்கள்.

வழக்கு என்று போனால் உங்களுக்குச் சாதகமான விஷயங்கள் உண்டு. படம் எடுத்த கணமே காப்பிரைட் உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. உங்கள் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டும் நீடிக்கும். ரொம்பச் சிறந்த சில படங்களை மட்டும் காப்பிரைட் அலுவலகத்தில் பதிவு செய்யலாம். பதிவேடே நீதிமன்றத்தில் முதல்நிலைச் சான்றாக நிற்கும். அந்தத் தளம் ஹைதராபாத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ நடந்தாலும், 62ஆவது பிரிவின்படி நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். எல்லையில் இருக்கும் நமக்கு இது பெரிய வசதி. 63ஆவது பிரிவில் குற்ற வழக்கும் உண்டு, 6 மாதம் முதல் 3 ஆண்டு சிறை; போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லியிருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் போன்ற மின்னணு ஆதாரத்துக்கு, 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி ஹாஷ் எண்ணோடு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்) சான்றிதழ் வேண்டும். இந்தக் கட்டத்தில் வக்கீலைப் பாருங்கள். சிவில் வழக்குக்கு மீறல் நடந்து 3 ஆண்டுக்குள் போக வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படங்களை எடுத்துவிடாதீர்கள். பூநாரைப் படங்களைப் பார்த்துத்தான் உங்களுக்கு வேலை வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கல்யாண ஆல்பங்கள் மட்டும் வேறு கதை. அவற்றைப் பொதுப் பக்கத்தில் வைக்க வேண்டிய அவசியமே இல்லை. பாஸ்வேர்டு போட்ட பக்கத்தில் வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். வேர்ட்பிரஸில் பாஸ்வேர்டு பக்கத்தை மட்டும்தான் காக்கும், படக்கோப்பின் முகவரி தெரிந்த யாரும் பாஸ்வேர்டு இல்லாமல் திறக்கலாம். வாடிக்கையாளருக்கான படங்களை லாகின் கேட்கும் தனி கேலரி சேவையிலோ, சில நாளில் காலாவதியாகும் லிங்க்கிலோ கொடுங்கள். இன்னொரு முக்கியமான விஷயம்: காசு வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டு எடுத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் அந்த வாடிக்கையாளர்தான் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு சொல்கிறது. ஒருவர் உங்கள் கல்யாணப் படத்தைத் திருடினால் புகார் கொடுக்கும் உரிமையே உங்களுக்கு இல்லாமல் போகலாம். நீங்கள் அதைத் தளத்தில் போட்டதே அவர்கள் அனுமதியைப் பொறுத்தது. ஆகவே அட்வான்ஸ் வாங்கும் ரசீதில் இரண்டு வரி அச்சடித்துக் கையெழுத்து வாங்குங்கள்: படங்களின் காப்பிரைட் ஸ்டூடியோவுக்கு, குடும்பத்தார் தங்கள் சொந்த உபயோகத்துக்கு எப்படியும் பயன்படுத்தலாம், ஸ்டூடியோ தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்தச் சம்மதம் உண்டு அல்லது இல்லை. உங்கள் பகுதிக்கு ஏற்பத் தெலுங்கு, தமிழ் இரண்டு மொழியிலும் அச்சடித்துவிடுங்கள், கையெழுத்துப் போடுபவர் படித்துப் புரிந்துகொண்டு போடட்டும்.